5 வோல்ட் சரி, 12 வோல்ட் தப்பு: பல அவுட்புட் எஸ்எம்பிஎஸ்-இல் பழுது தேடும் வழி

ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் இருந்து 5 வோல்ட், 12 வோல்ட், சில சமயம் 24 வோல்ட் என்று மூன்று நான்கு லைன் எடுக்கும் ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை (எஸ்எம்பிஎஸ்) பழுதாகி வந்தால், எந்த லைன் தப்பாகக் காட்டுகிறதோ அதில்தான் முதலில் கை வைக்கிறோம். 12 ஏறியிருந்தால் 12-இன் டையோடு, 12-இன் கெப்பாசிட்டர் என்று மாற்றுகிறோம். பல நேரம் பழுது அங்கே இருக்காது.

கண்ட்ரோல் ஐசி-யின் கையில் இருப்பது ஒன்றே ஒன்றுதான்: மாஸ்ஃபெட் (மெயின்ஸ் பக்கத்து ஸ்விட்ச் டிரான்சிஸ்டர்) எவ்வளவு நேரம் ஆனில் இருக்க வேண்டும் என்பது. அந்த ஒன்றை வைத்து ஒரு லைனைத்தான் துல்லியமாகப் பிடிக்க முடியும். மற்ற லைன்கள் சுற்றுக் கணக்கை நம்பிக் கூடவே வருபவை. அதனால் எந்த லைன் தப்பு என்பதற்கு முன்னால், ஐசி எந்த லைனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று தெரிய வேண்டும். இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் ஒரு பாகத்தையும் கழற்றாதீர்கள்.

இங்கே எடுத்துக்கொள்வது ஃப்ளைபேக் வகை: மாஸ்ஃபெட் ஆனில் இருக்கும்போது டிரான்ஸ்ஃபார்மரில் சேரும் சக்தி, ஆஃப் ஆனதும் அவுட்புட்டுக்குப் போகும். அவுட்புட்டை அளக்கும் டிஎல்431, அந்தச் செய்தியை ஒளி வழியாக மெயின்ஸ் பக்கத்துக்கு (பிரைமரி) அனுப்பும் ஆப்டோ பிசி817, மாஸ்ஃபெட்டை ஓட்டும் யுசி3842 அல்லது அது போன்ற கண்ட்ரோல் ஐசி இருக்கும் சாதாரண போர்டு. இந்த மூன்றும் சேர்ந்த கட்டுப்பாட்டு வட்டத்தைத்தான் லூப் என்கிறோம்; அவுட்புட் பக்கம் செகண்டரி. கம்ப்யூட்டர் ஏடிஎக்ஸ் சப்ளை கொஞ்சம் வேறு மாதிரி. அது கடைசியில் வருகிறது.

கை வைப்பதற்கு முன்

230 வோல்ட் மெயின்ஸை ரெக்டிஃபை செய்தால் பெரிய கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டிசி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது இருக்கலாம். ரெசிஸ்டர் வழியாக டிஸ்சார்ஜ் செய்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வையுங்கள். முதல் முறை ஆன் செய்யும்போது 60 அல்லது 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போடுங்கள். ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப்பை பிரைமரி பக்கம் மாட்ட வேண்டுமென்றால் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். அது இல்லையென்றால் பிரைமரியில் ஸ்கோப் வேண்டாம்.

அடுத்தது லோட். பல அவுட்புட் சப்ளையை வெறுமனே மேசையில் வைத்து அளந்தால் வரும் எண்களுக்கு அர்த்தமே இல்லை. 10 ஓம் 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் நாலைந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டை பேரலலாக 5 வோல்ட்டில் போட்டால் 1 ஆம்பியர். இரண்டை சீரிஸாக 12-இல் போட்டால் 0.6 ஆம்பியர். 12-இல் ஒற்றை 10 ஓம் போடாதீர்கள், 14 வாட்டுக்கு மேல் சூடாகும். அளக்கும் ஒவ்வொரு முறையும் எல்லா லைனையும் ஒன்றாக அளந்து, எந்த லைனில் என்ன லோட் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

ஐசி எந்த லைனைப் பார்க்கிறது?

டிஎல்431-இன் ரெஃபரன்ஸ் காலைக் கண்டுபிடியுங்கள். மூன்று கால் பிளாஸ்டிக் பாக்கேஜில் தட்டைப் பக்கம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்க, இடமிருந்து ரெஃபரன்ஸ், ஆனோட், கேத்தோட். சின்ன எஸ்எம்டி பாக்கேஜில் டிஎல்431, டிஎல்432 இரண்டும் வேலையில் ஒன்றுதான், ஆனால் கால் அமைப்பு மாறும். மாற்றிப் போட்டுவிட்டு லூப்பைக் குறை சொல்ல வேண்டாம்.

ரெஃபரன்ஸ் காலில் இருந்து கிரவுண்டுக்கு ஒரு ரெசிஸ்டர் போகும். மேலே போகும் ரெசிஸ்டர் ஒன்றுதான் என்றால் அது எந்த லைனுக்குப் போகிறதோ அந்த லைன்தான் பிடிக்கப்படுகிறது. இரண்டு ரெசிஸ்டர் இரண்டு வேறு லைனுக்குப் போனால், ஐசி இரண்டையும் கலந்து பார்க்கிறது. டிஎல்431-உம் இல்லை, ஆப்டோவும் இல்லை என்றால் பிரைமரி பக்கத்து துணை வைண்டிங்கைப் பார்த்தே ஓடுகிறது. அப்போது செகண்டரி லைன்கள் எல்லாமே கூட வருபவைதான், எதிலும் துல்லியம் எதிர்பார்க்கக் கூடாது.

அறிகுறி: 5 வோல்ட் அசையாமல் நிற்கிறது, 12 வோல்ட் 14, 15 என்று ஏறுகிறது

ஃபீட்பேக் 5-இல் மட்டும் இருக்கும், அதாவது ஐசி 5-ஐ மட்டும் பார்க்கும் போர்டில் இது மிகச் சாதாரணம். 5-இல் லோட் கூடக்கூட, அதன் டையோடிலும் வைண்டிங் கம்பியிலும் விழும் வோல்ட்டேஜ் கூடுகிறது. அதை ஈடு செய்ய ஐசி ஒவ்வொரு சுற்றுக்குமான வோல்ட்டேஜை ஏற்றுகிறது. அந்த ஏற்றம் 12-க்கும் போய்ச் சேரும். இது சின்னக் காரணம். பெரிய காரணம் லீக்கேஜ் இண்டக்டன்ஸ், அதாவது வைண்டிங்குகள் ஒன்றோடொன்று முழுதாக இணையாததால் வருவது. மாஸ்ஃபெட் ஆஃப் ஆகும் ஒவ்வொரு முறையும் கூரான ஒரு ஸ்பைக் எழும். 12-இல் லோட் இருந்தால் அந்த ஸ்பைக் கரைந்துவிடும். லோட் இல்லையென்றால் டையோடு அதன் உச்சியைப் பிடித்து கெப்பாசிட்டரில் சேர்த்துக்கொண்டே போகும்.

சோதனை எளிது. 12-இல் மேலே சொன்ன 20 ஓம் லோடைப் போடுங்கள். உடனே 12-க்குப் பக்கத்தில் இறங்கினால் போர்டில் எதுவும் கெடவில்லை, அல்லது 12-இல் எப்போதும் சின்ன லோடாக இருக்க வேண்டிய பிளீடர் ரெசிஸ்டர் ஓபன் ஆகியிருக்கிறது. பிளீடர் எப்போதும் சூட்டிலேயே இருக்கும் பாகம், போவது சகஜம். 470 ஓம் என்றால் 12 வோல்ட்டில் சுமார் 25 மில்லி ஆம்பியர், 0.3 வாட். கால் வாட் ரெசிஸ்டர் நிற்காது. அரை வாட்டும் நெருக்கம்தான், 1 வாட் போடுங்கள். பிளீடரே இல்லாத டிசைனாக இருந்தால் சேர்த்துவிடுங்கள்.

இந்த லைனில் 16 வோல்ட் கெப்பாசிட்டர் போட்டிருந்து அது உப்பியிருந்தால், கெப்பாசிட்டர் கெட்டதால் வோல்ட்டேஜ் ஏறவில்லை, ஏறியதால்தான் கெப்பாசிட்டர் கெட்டது. 25 வோல்ட் போடுங்கள், ஆனால் பிளீடரையும் பார்க்காமல் மூடாதீர்கள்.

லோட் போட்டும் இறங்கவில்லை, 5-இலும் பெரிய லோட் இல்லை என்றால், பிரைமரி பக்கத்து ஸ்னப்பரைப் பாருங்கள்: டையோடு, ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் மூன்றும். ஸ்பைக்கை அடக்க வேண்டியது அதுதான். டிரான்ஸ்ஃபார்மரை யாராவது மறுபடி சுற்றியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். பிரைமரியை இரண்டு பாதியாகப் பிரித்து நடுவில் செகண்டரியை வைத்த சுற்றை, ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றிவிட்டால் லீக்கேஜ் பல மடங்கு கூடிவிடும். போர்டில் எதை மாற்றினாலும் அப்புறம் சரியாகாது.

அறிகுறி: லோட் எப்படி இருந்தாலும் 12 வோல்ட் அதே அளவு தள்ளியே நிற்கிறது

லோடுக்கு ஏற்ப மாறாத தவறு என்றால் சுற்றுக் கணக்கு அல்லது டையோடு. ஒரு கணக்குப் பாருங்கள். 5 வோல்ட்டில் ஷாட்கி டையோடு, அதில் 0.5 வோல்ட் போகும். ஆக வைண்டிங்கில் 5.5 வேண்டும். மூன்று சுற்று என்றால் சுற்றுக்கு 1.83 வோல்ட். 12-க்கு ஏழு சுற்று போட்டால் 12.83, ஃபாஸ்ட் டையோடில் 0.8 போக 12.03. அருமையாக அமைகிறது. இதையே 5-க்கு நாலு சுற்று என்று ஆரம்பித்தால், 12-க்கு ஒன்பது போட்டால் 11.6, பத்து போட்டால் 12.95. நடுவில் எதுவும் கிடையாது, அரைச் சுற்று சுற்ற முடியாது.

பழைய போர்டு திடீரென்று இப்படி ஆகியிருந்தால் யாரோ டையோடு மாற்றியிருப்பார்கள். 5-இன் ஷாட்கிக்குப் பதிலாக சாதாரண ஃபாஸ்ட் டையோடு போட்டால் 5 வோல்ட் அப்படியே நிற்கும், ஐசி பிடித்துக்கொள்ளும். ஆனால் டையோடில் கூடுதலாகப் போகும் 0.3 வோல்ட்டுக்காக வைண்டிங் 5.8-க்கு ஏறி, 12 வோல்ட் 12.7 ஆகும். பாகம் மாற்றியது 5-இல், தப்பாகத் தெரிவது 12-இல்.

அறிகுறி: எல்லா லைனும் ஒரே விகிதத்தில் ஏறியோ இறங்கியோ இருக்கிறது

5 என்பது 6, 12 என்பது 14.5 என்று சேர்ந்தே தள்ளியிருந்தால் டிரான்ஸ்ஃபார்மரையும் செகண்டரி டையோடுகளையும் மறந்துவிடலாம். பழுது லூப்பில். இங்கே டிஎல்431 மூன்று அளவுகளில் எல்லாவற்றையும் சொல்லிவிடும்: ரெஃபரன்ஸ் காலில் என்ன, கேத்தோடில் என்ன, ஆப்டோ எல்இடி-யின் இரு முனைக்கு நடுவே என்ன. எல்லாம் டிஎல்431-இன் ஆனோடைக் கிரவுண்டாக வைத்து.

ரெஃபரன்ஸில், டிஎல்431 எதிர்பார்க்கும் 2.5 வோல்ட் சரியாக இருந்தால் லூப் நிம்மதியாக இருக்கிறது. தான் பார்ப்பது சரி என்று நம்புகிறது. அப்படியானால் அதற்குக் காட்டப்படுவதே தப்பு. ரெஃபரன்ஸ் காலில் சேரும் டிவைடர் ரெசிஸ்டர்களை ஒவ்வொன்றாக ஒரு காலைத் தூக்கி அளந்து பாருங்கள்.

லைன்கள் ஏறியிருக்கின்றன, ரெஃபரன்ஸும் 2.5-க்கு மேல் போயிருக்கிறது, ஆனால் கேத்தோட் இறங்கவில்லை என்றால் டிஎல்431 போய்விட்டது. கேத்தோட் 2 வோல்ட் அளவுக்கு இறங்கி, எல்இடி-யில் 1.2 வோல்ட் அளவு இருந்தால், செகண்டரி தன் வேலையைச் செய்துவிட்டது. செய்தி பிரைமரிக்குப் போய்ச் சேரவில்லை. ஆப்டோவை மாற்றுங்கள், அதன் பிரைமரி பக்கத்து தடங்களைப் பாருங்கள். கேத்தோட் இறங்கியும் எல்இடி-யில் எதுவும் இல்லையென்றால் எல்இடி-க்குப் போகும் சீரிஸ் ரெசிஸ்டர் ஓபன்.

லைன்கள் இறங்கியிருந்தால் இதையே திருப்பிப் பாருங்கள். ரெஃபரன்ஸ் 2.5-க்குக் கீழே, எல்இடி-யிலும் கரண்ட் இல்லை என்றால், லூப் இன்னும் கொடு என்றுதான் கேட்கிறது. பிரைமரியால் கொடுக்க முடியவில்லை. ஓவர்லோட், மதிப்பு ஏறிப்போன கரண்ட் சென்ஸ் ரெசிஸ்டர், காய்ந்துபோன பெரிய கெப்பாசிட்டர் என்று அந்தப் பக்கம் தேடுங்கள். ரெஃபரன்ஸ் 2.5-க்குக் கீழே இருந்தும் கேத்தோட் இறங்கி எல்இடி எரிகிறது என்றால் டிஎல்431 லீக் ஆகிறது.

இரண்டு லைனைக் கலந்து பார்க்கும் போர்டு

இதற்குத் தனியாக இடம் ஒதுக்க வேண்டும், ஏனென்றால் இங்கே நல்ல டெக்னீஷியன்களும் ஏமாறுகிறார்கள். ஒரு நிஜமான அமைப்பை எடுத்துக்கொள்வோம். ரெஃபரன்ஸில் இருந்து கிரவுண்டுக்கு 2.49 கிலோ ஓம், அதில் ஓடுவது 1 மில்லி ஆம்பியர். 5 வோல்ட்டில் இருந்து 3.57 கிலோ ஓம், அது 0.7 மில்லி ஆம்பியர் தருகிறது. 12-இல் இருந்து 31.6 கிலோ ஓம், அது 0.3 தருகிறது. அதாவது 5-க்கு எழுபது சதவீதம் பேச்சு, 12-க்கு முப்பது சதவீதம்.

12-இல் லோட் கூடி அது 11.2-க்கு இறங்குகிறது என்று வைப்போம். 31.6 கிலோவில் வருவது 0.275 ஆகக் குறையும். மீதி 0.725-ஐ 5 தர வேண்டும், அதற்கு அது 5.09 ஆக வேண்டும். ஆகவே 5 வோல்ட் 5.09 காட்டுவது இங்கே பழுதே அல்ல. தவறை இரண்டு லைனுக்கும் பங்கு போட்டுக் கொடுப்பதற்காகவே இப்படி அமைத்திருக்கிறார்கள். இந்த போர்டில் 5-ஐ அச்சு அசலாக 5.00-க்குக் கொண்டுவர ரெசிஸ்டரை மாற்றுவது டிசைனைக் கெடுப்பது.

இப்போது பழுது. 31.6 கிலோ ஓபன் ஆனால் முழு 1 மில்லி ஆம்பியரையும் 5-தான் தர வேண்டும்: 2.5-உம் 3.57-உம் சேர்ந்து 6.07 வோல்ட். கூடவே 12 வோல்ட் 14.5-ஐ நெருங்கும். 5 வோல்ட்டில் ஓடும் லாஜிக் ஐசி-கள் 6.07-ஐத் தாங்கும் என்று நம்ப முடியாது. மறுபுறம் 3.57 கிலோ ஓபன் ஆனால் 12 வோல்ட் 34 வரை போனால்தான் லூப் திருப்தி அடையும். அதற்கு முன்பே ஓவர்வோல்ட்டேஜ் பாதுகாப்பு வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் கெப்பாசிட்டர் வெடிக்கும். 6.07 என்ற எண்ணை மீட்டரில் பார்த்தால் டிரான்ஸ்ஃபார்மரைத் தொடாமல் நேரே அந்த 12 வோல்ட் ரெசிஸ்டருக்குப் போகலாம். உங்கள் போர்டில் மதிப்புகள் வேறாக இருக்கும்; ஆனால் இதே கணக்கை இரண்டு நிமிடத்தில் தாளில் போட்டுவிடலாம்.

மெயின்ஸ் இல்லாமலே லூப்பைச் சோதிக்க ஒரு வழி உண்டு. லோட் போர்டைக் கழற்றிவிடுங்கள். பெரிய கெப்பாசிட்டர் காலி என்று உறுதி செய்யுங்கள். ஆப்டோவின் 4-ஆம் காலில் மீட்டரின் பாசிட்டிவ், 3-ஆம் காலில் நெகட்டிவ், ஓம் ரேஞ்சில். பெஞ்ச் சப்ளையில் இருந்து 5 வோல்ட் லைனுக்கு 4 வோல்ட் கொடுத்து மெதுவாக ஏற்றுங்கள். நல்ல லூப் என்றால் 5-ஐத் தொடும் இடத்தில் ரெசிஸ்டன்ஸ் சட்டென்று விழும். போர்டில் சுற்றியுள்ள பாகங்களால் ஓம் எண் எதுவாகவும் இருக்கலாம். விழும் இடம்தான் முக்கியம்.

ஆனால் கலவை போர்டில் 5-ஐ மட்டும் கொடுத்தால் இது பொய் சொல்லும். 12 லைன் பூஜ்யத்தில் இருப்பதால் 31.6 கிலோ கிரவுண்டுக்குப் போகும் இன்னொரு ரெசிஸ்டராகிவிடும். நம் உதாரணத்தில் 6.35 வோல்ட் வரை ஏற்றினால்தான் ஆப்டோ ஆன் ஆகும். நல்ல டிஎல்431-ஐத் தூக்கி எறிய இது போதும். 12 லைனுக்கு இன்னொரு சப்ளையில் இருந்து 12.0 கொடுத்துவிட்டு, 5-ஐ ஏற்றுங்கள்.

அறிகுறி: டிக், டிக் என்று விட்டு விட்டு வருகிறது

ஐசி-க்கு சப்ளை தரும் துணை வைண்டிங்கும் ஒரு அவுட்புட்தான். யுசி3842 சுமார் 16 வோல்ட்டில் கிளம்பும், 10-க்குக் கீழே போனால் நிற்கும். எல்லா லைனிலும் லோட் மிகக் குறைந்தால் துணை வைண்டிங்கில் வருவதும் குறைந்து, ஐசி நின்று நின்று கிளம்பும். 5-இல் 1 ஆம்பியர் லோட் போட்டதும் டிக் நின்றுவிட்டால் இதுதான் காரணம். ஐசி-யின் சப்ளைக் காலில் (விசிசி) இருக்கும் சின்ன கெப்பாசிட்டரை முதலில் மாற்றுங்கள், பெரும்பாலும் 22 அல்லது 47 மைக்ரோஃபாரட் இருக்கும்.

லோட் போட்டும் டிக் நிற்கவில்லை என்றால் ஏதோ ஒரு லைன் ஷார்ட். 24 வோல்ட் டையோடு ஷார்ட் ஆனாலும் 5 வோல்ட் எழும்பாது, ஏனென்றால் எல்லா வைண்டிங்கும் ஒரே கோரில். டையோடுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பது நம் வழக்கம். ஒரு எச்சரிக்கை: ஃபீட்பேக் எடுக்கும் லைனின் டையோடைத் தூக்கிவிட்டு ஆன் செய்யவே கூடாது. ஐசி தன் லைனில் எதுவும் வரவில்லை என்று முழு வேகத்தில் தள்ளும், மற்ற லைன்களின் கெப்பாசிட்டர்கள் போய்விடும். அந்த டையோடைக் கழற்றிய நிலையில் மீட்டரால் மட்டும் சோதியுங்கள்.

அறிகுறி: வோல்ட்டேஜ் சரி, ஆனால் சத்தம் வருகிறது, ரிப்பிள் அலைகிறது

மிகக் குறைந்த லோடில் லேசான சத்தம் என்றால் ஐசி பல்ஸை விட்டு விட்டுத் தருகிறது. அது டிசைனிலேயே இருப்பது. லோட் போட்ட பிறகும் ஸ்கோப்பில் மெதுவான ஏற்ற இறக்கம் தெரிந்தால் லூப் நிலையாக இல்லை.

முதல் சந்தேகம் ஃபீட்பேக் லைனின் அவுட்புட் கெப்பாசிட்டர், இஎஸ்ஆர் (கெப்பாசிட்டரின் உள் ரெசிஸ்டன்ஸ்) மீட்டரில் பாருங்கள். அடுத்து ஆப்டோ. எல்இடி-யில் ஓடும் கரண்டில் எத்தனை சதவீதம் மறுபக்கம் வருகிறது என்பதில், பிசி817-இல் ஏ ரகம் 80 முதல் 160 சதவீதம், சி ரகம் 200 முதல் 400 சதவீதம். சி இருந்த இடத்தில் ஏ போட்டால் லூப் கெயின் பாதிக்கும் கீழே போகலாம். எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். மூன்றாவது, டிஎல்431-இன் கேத்தோடுக்கும் ரெஃபரன்ஸுக்கும் நடுவே இருக்கும் சின்ன கெப்பாசிட்டர்.

நீங்களே அமைக்கும் போர்டாக இருந்தால் இன்னொன்று. 5 வோல்ட்டில் ஒரு சின்ன காயிலும் இரண்டாவது கெப்பாசிட்டரும் போட்டிருந்தால், டிவைடரைக் காயிலுக்குப் பின்னாலும், ஆப்டோ எல்இடி-யின் ரெசிஸ்டரைக் காயிலுக்கு முன்னாலும் இணையுங்கள். எல்இடி-யின் அந்தப் பாதையும் ஒரு ஃபீட்பேக்தான், அதிவேகமானது. அதைக் காயிலுக்குப் பின்னால் எடுத்தால் ஃபில்டரின் ரெசொனன்ஸ் லூப்புக்குள் வந்துவிடும். ஃபீட்பேக் லைன் 3.3 வோல்ட் என்றால் டிஎல்431 வேண்டாம், எல்இடி-க்கு 1.2, அதற்கு 2.5 என்று கூட்டினாலே 3.7 ஆகிறது. 1.24 வோல்ட் ரெஃபரன்ஸ் உள்ள டிஎல்வி431 போடுங்கள்.

அறிகுறி: 7812-க்குப் பிறகு 12 வோல்ட் சில நேரம் மட்டும் சரிகிறது

7812 என்ற 12 வோல்ட் ரெகுலேட்டரை மாற்றும் முன் அதன் இன்புட்டை அளங்கள். 7812-க்கு இன்புட் 14-க்குக் குறையக் கூடாது. 5 வோல்ட் பக்கம் ஸ்டாண்ட்பை-க்குப் போகும்போது ஐசி தள்ளுவதைக் குறைக்கும், இன்புட் 13-க்கு இறங்கும், ரெகுலேட்டர் கைவிடும். தீர்வு 5-இல் குறைந்தபட்ச லோட். அதிலும் தீரவில்லை என்றால் அந்த வைண்டிங்கில் ஒரு சுற்று கூடுதல்.

கம்ப்யூட்டர் ஏடிஎக்ஸ் சப்ளை

பழைய, விலை குறைந்த ஏடிஎக்ஸ்-களில் 5-உம் 12-உம் கலந்தே பிடிக்கப்படுகின்றன. விதிப்படி 12 வோல்ட் 11.40 முதல் 12.60 வரை, 5 வோல்ட் 4.75 முதல் 5.25 வரை, 3.3 வோல்ட் 3.14 முதல் 3.47 வரை இருக்கலாம். இன்றைய போர்டுகள் பெரும்பாலும் 12-இல்தான் இழுக்கின்றன. அதனால் 12 இறங்கி 5 ஏறுவது இந்த வகையின் இயல்பு. 2013-இல் வந்த இன்டெல் ஹாஸ்வெல் ப்ராசஸர்கள் உறங்கும்போது 12 வோல்ட்டில் 0.05 ஆம்பியர் வரை லோடைக் குறைத்தன. இப்படிப்பட்ட சப்ளைகள் பல அப்போது 12-ஐக் கட்டுக்குள் வைக்கத் திணறும் நிலை வந்தது. உங்கள் மெஷின் ஸ்லீப்பில் மட்டும் ஆஃப் ஆகிறது என்றால் பயோஸில் சி6, சி7 என்ற உறக்க நிலைகளை அணைத்துப் பாருங்கள். அதன் பிறகு ஆஃப் ஆவது நின்றுவிட்டால் சப்ளையை மாற்ற வேண்டியதுதான்; 12-ஐ மட்டும் பிடித்து, அதிலிருந்து டிசி-டிசி மூலம் 5-ஐயும் 3.3-ஐயும் எடுக்கும் வகை வாங்குங்கள்.

மஞ்சள் வெள்ளை நிறத்து பெரிய டொராய்டில் 5-உம் 12-உம் சேர்ந்தே சுற்றியிருக்கும். அதைத் திரும்பச் சுற்ற நேர்ந்தால், அந்த இரண்டின் சுற்று விகிதம் டிரான்ஸ்ஃபார்மர் செகண்டரியின் விகிதமாகவே இருக்க வேண்டும், திசையும் மாறக் கூடாது. தப்பினால் வோல்ட்டேஜ் சரியாகக் காட்டிக்கொண்டே ரிப்பிள் எகிறும். 12-இல் 120 மில்லிவோல்ட், மற்ற இரண்டில் 50 மில்லிவோல்ட் என்பது அனுமதிக்கப்பட்ட எல்லை.

3.3 மட்டும் 4-ஐத் தாண்டி, மற்றவை சரியாக இருந்தால் மேக்ஆம்ப் (மேக்னெட்டிக் ஆம்ப்ளிஃபையர்) பகுதியைப் பாருங்கள். பல சப்ளைகளில் 3.3 தனியாக வைண்டிங் இல்லாமல் 5 வோல்ட் வைண்டிங்கில் இருந்து, ஒரு சின்ன சாச்சுரபிள் டொராய்ட் வழியாக வருகிறது. ஒவ்வொரு சைக்கிளிலும் அந்தக் கோரை ரீசெட் செய்வதன் மூலம்தான் அது கட்டுப்படுத்தப்படுகிறது. ரீசெட் தரும் டிரான்சிஸ்டரோ டையோடோ ஓபன் ஆனால் தடுக்க ஆளில்லை, 3.3 ஏறிவிடும். அதற்கு முன் 24 பின் கனெக்டரின் 13-ஆம் பின்னைப் பாருங்கள்: ஆரஞ்சு வயரோடு மெல்லிய சென்ஸ் வயர் ஒன்று அங்கே சேர்ந்து வரும். அதன் கிரிம்ப் கறுத்திருந்தால் கனெக்டர் பின்னை மாற்றிவிட்டு மறுபடி அளங்கள்.